கிரீன் கார்டும் நம் வீட்டு பீரோவும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் செயலாளர் பேசி முடித்துவிட்டார். எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்கு கிரீன் கார்டு எப்படிக் கிடைக்கிறது, அதில் இங்கே இருக்கிற நமக்கு ஏதாவது வேலை உண்டா என்பதுதான் கேள்வி.

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் விண்ணப்பத்தையும் அதோடு இணைக்கிற காகிதத்தையும் பார்த்துப் பழகிய கண். எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்காக இங்கிருந்து காகிதம் திரட்டிக் கொடுத்த அனுபவமும் உண்டு. அந்த அளவில் சொல்கிறேன். முடிவெடுக்கும்போது நல்ல குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் தாண்டிப் பிழைப்பது கடையநல்லூருக்குப் புதிது இல்லை. மலேயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகப் போனவர்கள் நாம். சிங்கப்பூரில் நம் ஊர்ப் பெயரிலேயே சங்கம் இருக்கிறது. விசா, பெர்மிட், பிஆர் என்ற சொற்கள் நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் தெரியும். ஆனால் இப்போது பிள்ளைகள் பிஎச்.டி. படித்துவிட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் போகிற பாதை நமக்குப் பழகிய பாதை இல்லை. அதனால்தான் வாராவாரம் போனில், "கார்டு வந்துட்டாப்பா?" என்று கேட்கிறோம். அவன், "வரும்மா" என்கிறான். இரண்டு பக்கமும் அதற்கு மேல் பேச்சு இல்லை.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். கிரீன் கார்டு என்றால் நிரந்தரக் குடியுரிமை என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அது அங்கே நிரந்தரமாக வசிக்கவும் வேலை பார்க்கவும் உரிமை, அவ்வளவுதான். உங்கள் பிள்ளை அப்போதும் இந்தியக் குடிமகன்தான், கையில் இந்திய பாஸ்போர்ட்தான். குடியுரிமை அதற்குப் பிறகு வருகிற தனிக் கட்டம்.

வேலையின் அடிப்படையில் கிரீன் கார்டு கொடுப்பதற்கு அமெரிக்காவில் ஐந்து வகுப்புகள் உண்டு. இப்போதுள்ள அமைப்பு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஐந்துக்கும் சேர்த்து வருடத்துக்கு ஏறக்குறைய 1,40,000 இடம். மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கணக்குக்குள்தான். முதல் வகுப்புக்குச் சுமார் 40,000. அந்த முதல் வகுப்பின் முதல் பிரிவைத்தான் ஈபி-1 ஏ என்கிறார்கள். அறிவியல், கலை, கல்வி, தொழில், விளையாட்டு ஆகியவற்றில் அசாதாரணத் திறன் உள்ளவர்களுக்கு உரியது. இதில் ஒரு வசதி உண்டு. கம்பெனி மனுப் போட வேண்டியதில்லை, பிள்ளை தனக்குத் தானே மனுப் போடலாம். முதலாளி தயவு தேவையில்லை, வேலை மாறினாலும் மனு சாகாது.

அசாதாரணத் திறன் என்றதும் நாம் நோபல் பரிசை நினைத்துக்கொள்கிறோம். "நம்ம பிள்ளை கெட்டிக்காரன்தான், ஆனா அந்த அளவுக்கா?" என்று தயங்குகிறோம். சட்டம் சொல்வது இதுதான். நோபல் மாதிரி உலகம் அறிந்த பெரிய பரிசு ஒன்று இருந்தால் போதும். இல்லையென்றால் பத்து அளவுகோல் வைத்திருக்கிறார்கள், அதில் மூன்றையாவது காட்ட வேண்டும். தேசிய அல்லது சர்வதேச அளவில் மதிக்கப்படும் பரிசு, சாதித்தவர்களை மட்டுமே சேர்க்கும் சங்கத்தில் உறுப்பினர் பதவி, அவர் வேலையைப் பற்றி மற்றவர்கள் பத்திரிகையில் எழுதியது, மற்றவர் ஆய்வைச் சீர்தூக்கிப் பார்க்கும் பொறுப்பு, துறையையே நகர்த்திய சொந்தக் கண்டுபிடிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், பேர்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, துறையில் மற்றவரைவிட உயர்ந்த சம்பளம். இவை எட்டு. மீதி இரண்டு கலைக் கண்காட்சியும் அரங்கக் கலை வசூலும். அவை கலைஞர்களுக்கானவை.

இதை ஒரு தமிழரை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். எஸ். சந்திரசேகர், நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். 1910-ல் லாகூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அப்பா அரசுக் கணக்குத் துறை அதிகாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அம்மா சீதாலட்சுமி அப்போது கடுமையான நோயில் இருந்தார். அவரே மகனைப் போகச் சொன்னார். அடுத்த வருடமே இறந்துவிட்டார், மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1937-ல் அவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். அன்றைய சட்டம் இந்தியர்களைக் குடியேறவே விடாத சட்டம். பேராசிரியர், மதகுரு போன்ற சிலருக்குத்தான் விலக்கு. இந்தியர் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது என்று 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1946-ல்தான் சட்டம் மாறியது. மாறியும் என்ன, முழு இந்தியாவுக்கும் வருடத்துக்கு 100 பேர். சந்திரசேகர் குடிமகன் ஆனது 1953-ல். போய்ச் சேர்ந்து பதினாறு வருடம். அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்தக் காத்திருப்பு என்றால், நம் பிள்ளை காத்திருப்பது அவனுடைய குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அவரை இன்றைய அளவுகோலில் நிறுத்திப் பாருங்கள். நோபல் அவருக்குக் கிடைத்தது 1983-ல். அதை விட்டுவிடுங்கள். 1953-க்கு முன்னால் என்ன இருந்தது? சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் போனால் ஒரு நட்சத்திரம் வெண்குள்ளனாக நிலைக்க முடியாது என்ற கண்டுபிடிப்பு இருந்தது. அது சொந்தப் பங்களிப்பு. எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளும், 1939-ல் வந்த நட்சத்திர அமைப்பு பற்றிய புத்தகமும் இருந்தன. 1944-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அது சாதித்தவரை மட்டும் சேர்க்கும் சங்கம். 1952-ல் புரூஸ் பதக்கம் பெற்றார், அது பரிசு. அதே 1952-ல் வானியற்பியல் ஆய்விதழின் பொறுப்பாசிரியர் ஆனார், அது மற்றவர் ஆய்வைச் சீர்தூக்கும் பொறுப்பு. மூன்று கேட்கிற இடத்தில் ஐந்து. நோபலே இல்லாமல்.

நம் பிள்ளை சந்திரசேகர் இல்லை, வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஐந்தும் வேலை பார்க்கப் பார்க்க வருடக்கணக்கில் தானாகச் சேர்ந்தவை. கிரீன் கார்டுக்காகக் கடையில் வாங்கியவை இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்போது இதற்கென்றே ஒரு வியாபாரம் கிளம்பியிருக்கிறது. பணம் கட்டினால் "சர்வதேச விருது" தருகிறோம், பணம் கட்டினால் ஆய்விதழில் பெயர் போடுகிறோம், பத்திரிகையில் உங்களைப் பற்றிக் கட்டுரை வரவைக்கிறோம் என்கிறார்கள். பிள்ளை இக்கட்டில் இருக்கிறானே என்று பெற்றோர் வைப்பு நிதியை உடைத்துப் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறோம். தயவுசெய்து அனுப்பாதீர்கள். அமெரிக்க அதிகாரி எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வதில்லை.

2010-ல் காசாரியன் வழக்கு என்று ஒன்று. காசாரியன் ஓர் இயற்பியலாளர். அவர் மனு நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். அங்கும் மூன்று அளவுகோலை எட்டவில்லை என்று தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலிருந்து வந்த முறைதான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. முதல் படியில் மூன்று இருக்கிறதா என்று எண்ணுவார்கள். இரண்டாம் படியில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, இவர் உண்மையிலேயே துறையின் உச்சியில் இருக்கிற சிலரில் ஒருவரா என்று எடை போடுவார்கள். வங்கியில் கடன் மனு வந்தால் முதலில் இணைப்புகள் சரியா என்று நாங்கள் டிக் அடிப்போம். பிறகு மேனேஜர் முழு ஃபைலையும் படித்து, இந்த ஆளுக்குக் கொடுக்கலாமா என்று பார்ப்பார். அதே மாதிரிதான். விலைக்கு வாங்கிய விருது முதல் படியைத் தாண்டினாலும் இரண்டாம் படியில் ஃபைல் முழுவதையும் கெடுத்துவிடும். பொய்ச் சான்று என்று பதிவாகிவிட்டால் வாழ்நாள் முழுக்க அந்த நாட்டுக்குள் நுழையவே தடை வரலாம்.

அடுத்தது காத்திருப்பு. ஐ-140 என்கிற மனுவுக்குக் கூடுதல் கட்டணம் கட்டினால், இந்தப் பிரிவில் 15 வேலை நாளுக்குள் பதில் வரும். "அப்ரூவ் ஆயிட்டுப்பா" என்று பிள்ளை சொன்னதும் நாம் தெருவெல்லாம் லட்டு கொடுத்துவிடுகிறோம். பொறுங்கள். கடன் சாங்ஷன் ஆவது வேறு, பணம் கணக்கில் வருவது வேறு. மனு ஏற்கப்பட்டபின் நம்பருக்குக் காத்திருக்க வேண்டும். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது சட்டம். இந்தியாவிலிருந்து கூட்டம் அதிகம். இரண்டாம் வகுப்பில் இந்தியர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் நிற்கிறது. முதல் வகுப்பில் அவ்வளவு இல்லை என்றாலும் சில வருடமாக அங்கும் வரிசை உண்டு. எந்தத் தேதிக்காரரை இப்போது அழைக்கிறார்கள் என்று அந்த நாட்டு வெளியுறவுத் துறை மாதாமாதம் பட்டியல் போடுகிறது.

இதில் மூன்று விஷயம் நம் ஊருக்கு முக்கியம்.

ஒன்று, வரிசை பிறந்த நாட்டை வைத்து, பாஸ்போர்ட்டை வைத்து இல்லை. இங்கே பிறந்து சிங்கப்பூர் குடிமகன் ஆனவரும் இந்திய வரிசையில்தான் நிற்பார். மாறாக, அப்பா அம்மா அங்கே வேலை பார்த்தபோது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்த பிள்ளை அந்த நாட்டுக் கணக்கில் போகும். மனைவி அப்படிப் பிறந்திருந்தால் கணவனும் அந்தக் கணக்கில் சேரலாம். நம் ஊரில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் மருமகள் எங்கே பிறந்தாள் என்பது வம்புப் பேச்சு இல்லை, பத்து வருடக் கணக்கு.

இரண்டு, முன்பே இரண்டாம் வகுப்பில் மனு ஏற்கப்பட்டிருந்தால் அந்தப் பழைய தேதியை முதல் வகுப்புக்கு எடுத்துப் போகலாம். டோக்கன் பழையது, கவுண்டர் மட்டும் மாறுகிறது.

மூன்று, பேரப்பிள்ளைகள். கல்யாணமாகாத, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்தான் பெற்றோரோடு சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். சில நாட்களைக் கழித்துக் கணக்குப் போடும் சலுகை இருந்தாலும், வயது தாண்டிவிட்டால் பெற்றவர் மனுவோடு போக முடியாது. அதனால்தான் சில பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் நம்பர் இருந்தும் மறுபடி சிரமப்பட்டு ஈபி-1 ஏ போடுகிறார்கள். அது பேராசை இல்லை.

இப்போது நம் பங்குக்கு வருகிறேன். பிள்ளையின் கட்டுரை, மேற்கோள் எண்ணிக்கை, பேராசிரியர்களின் கடிதம் இவற்றில் நாம் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிக் கட்டத்தில் ஒரு காகிதம் கேட்பார்கள். அது நம் பீரோவில்தான் இருக்க வேண்டும். பிறப்புச் சான்று.

1980-களிலும் 1990-களிலும் பிறந்த பல பிள்ளைகளுக்கு அந்தச் சான்றில் பெயரே இருக்காது. "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். சிலருக்குப் பதிவே இருக்காது, பள்ளியில் சேர்க்கும்போது சொன்ன தேதிதான். அமெரிக்காவுக்கு வேண்டியது பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் தந்தை பெயர் எல்லாம் உள்ள சான்று.

அதை எங்கே கேட்பது என்பதிலேயே பாதிப் பேர் அலைகிறோம். பிறப்பைப் பதிவது பிறந்த இடத்தில், குடியிருக்கும் இடத்தில் இல்லை. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அப்படியானால் பதிவு மனைவியின் ஊரில் இருக்கும். தென்காசி ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் தென்காசி நகராட்சி. பாளையங்கோட்டையில் பிறந்திருந்தால் திருநெல்வேலி மாநகராட்சி. கடையநல்லூரிலேயே பிறந்திருந்தால் நம் நகராட்சி. கிராமத்தில் வீட்டில் பிறந்திருந்தால் முதலில் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். பதிவு இருந்து பெயர் இல்லையென்றால், பெயர் சேர்க்க முடியுமா என்று அங்கேயே விசாரியுங்கள். அதற்குக் கால வரம்பு உண்டு, அவ்வப்போது நீட்டிப்பும் கொடுத்திருக்கிறார்கள். பதிவே இல்லையென்றால், தேடிப் பார்த்தோம், பதிவு இல்லை என்று அலுவலகம் எழுதித் தரும் சான்றை வாங்குங்கள். அதோடு பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறப்பை நேரில் அறிந்த பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். அந்தப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள்தான். நமக்கு வயதாகிறது அண்ணாச்சி. கை ஓடுகிறபோதே போட்டு வைத்துவிடுவது நல்லது.

அடுத்து இனிஷியல். நமக்குத் தகப்பன் பெயரின் முதல் எழுத்துப் போதும். அவர்களுக்கு முழுப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, உங்கள் ஆதாரில் இன்னொரு மாதிரி என்றால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பார்கள். பெயரின் ஆங்கில எழுத்தையும், ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்தையும் இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்ச் சான்று என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று, மனத்தாங்கல் சம்பந்தப்பட்டது. வீட்டில் ஒரு துக்கம், மகன் வரவில்லை. "பணம் வந்ததும் பாசம் போய்ட்டு" என்று ஊர் பேசுகிறது. கடைசிக் கட்ட மனு அங்கே நிலுவையில் இருக்கும்போது, முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே வந்தால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1 விசாவில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அவர்களுக்கும் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் திரும்பிப் போக இங்கே தூதரகத்தில் தேதி கிடைக்க வேண்டும். அதனால் பிள்ளையிடம், "ஏன் வரலை?" என்று கேட்பதற்கு முன்னால், "பயண அனுமதி வாங்கியிருக்கியா?" என்று கேளுங்கள். நம்மில் யாருக்காவது அறுவை சிகிச்சை மாதிரி ஏதாவது வர இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவன் பயப்படுவானே என்று மறைக்காதீர்கள். அனுமதி வாங்க நாள் ஆகும்.

கடைசியாக, நாம் அங்கே போய் இருக்கலாமா என்ற கேள்வி. மகனுக்குக் கிரீன் கார்டு வந்தால் மனைவி மக்களுக்கு வரும், நமக்கு வராது. நாம் விசிட்டர் விசாவில்தான் போய் வர வேண்டும். கார்டு கிடைத்து பொதுவாக ஐந்து வருடம் கழித்து அவன் குடிமகன் ஆகலாம். அதன் பிறகுதான் பெற்றோருக்கு மனுப் போட முடியும். அதற்கு வருட வரம்பு இல்லை, நாட்டு வரிசையும் இல்லை. ஆனால் குடிமகன் ஆகிற அன்றைக்கு இந்தியக் குடியுரிமை போய்விடும், நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓசிஐ அட்டை எடுத்துக்கொள்ளலாம். ஓசிஐக்காரர் நஞ்சை, புஞ்சை விலைக்கு வாங்க முடியாது. நம்மிடமிருந்து வாரிசாகப் பெறுவதற்குத் தடை இல்லை. வயலும் தோப்பும் உள்ளவர்கள் இதை மனதில் வைத்து இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

அவன் நமக்காக மனுப் போடுகிற அன்றைக்கு முதலில் கேட்கிற காகிதம் எது தெரியுமா? மறுபடியும் அவனுடைய பிறப்புச் சான்றுதான். அதில் உங்கள் பெயர் இருந்தால்தான் நீங்கள் அவனைப் பெற்றவர் என்பது அங்கே செல்லும்.

ஆகவே இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். சான்று இருக்கிறதா, பெயர் இருக்கிறதா, எழுத்து ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் எந்த அலுவலகம், என்ன மனு என்பதில் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே பெஞ்சில்தான் இருப்பேன், காகிதத்தோடு வாருங்கள்.